அச்சில்லாமல் வனையும் தகடு

“டை இருக்கா?”

வளைவும் குழிவுமாக ஒரு தகட்டுப் பாகம் செய்து தரச் சொல்லி எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் வந்து விழும் கேள்வி இது. பழைய வேனுக்கு மட்கார்டாக இருக்கலாம், உற்பத்தி நின்றுபோன மோட்டாருக்கு மூடியாக இருக்கலாம். டை இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிரஸ்ஸில் தகட்டை அழுத்த மேலே ஒரு பஞ்ச் வேண்டும், கீழே அதற்கு இணையான டை வேண்டும். இரண்டையும் கடினமான எஃகில் கடைந்து, தேய்த்து, பொருத்தி எடுப்பதற்குள் வாரங்கள் மாதங்களாகும். செலவு லட்சங்களில் போகும். லட்சக்கணக்கில் பாகம் அடிக்கும் கார் கம்பெனிக்கு அந்தச் செலவு ஒரு பாகத்துக்குச் சில ரூபாயாகக் கரைந்துவிடும். பத்தே பத்து பாகம் கேட்டு வந்தவருக்கு எப்படிக் கரையும்?

வேலந்தாவளம் பகுதிக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமானது. கோவைக்குத் தென்மேற்கே, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், சோதனைச் சாவடியால் பெயர் தெரிந்த எல்லையூர் அது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் மண். அங்கிருந்து ஒரு பக்கம் போனால் பம்பும் கிரைண்டரும் நூற்பு இயந்திரமும் செய்யும் கோவை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும், கணினி இயக்கும் சி.என்.சி மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. இன்னொரு பக்கம் போனால், பெமல் முதலிய ஆலைகள் இயங்கும் கஞ்சிக்கோடு. பக்கத்திலேயே உள்ள கோழிப்பாறையின் அகல்யா வளாகத்தில்தான் 2015-ல் பாலக்காடு ஐ.ஐ.டி தன் வகுப்புகளைத் தொடங்கியது. இயந்திரம், கைத்திறன், படிப்பு மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட வட்டாரத்துக்கென்றே வாய்த்ததுபோல ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. அதன் பெயர் இன்கிரிமென்டல் ஷீட் ஃபார்மிங். தகட்டை ஒரே அழுத்தில் வளைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உருவத்துக்குக் கொண்டுவரும் முறை.

செய்முறையைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். பூத்தையல் வளையத்தில் துணியைப் பூட்டுவதுபோல ஒரு சட்டத்தில் தகட்டைச் சுற்றிலும் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். சட்டத்தை சி.என்.சி மில்லிங் மெஷினின் மேசையில் ஏற்றுகிறார்கள். வெட்டும் கட்டருக்குப் பதிலாக, நுனி அரைக்கோளமாக உருண்ட ஓர் எஃகுக் கம்பியை ஸ்பிண்டிலில் மாட்டுகிறார்கள். அது தகட்டின் மேல் அரை மில்லிமீட்டர் அமுங்கி, வேண்டிய வடிவத்தின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று வரும். மீண்டும் அரை மில்லிமீட்டர் இறங்கி, சற்று உள்ளே தள்ளி இன்னொரு சுற்று. எண்ணெய் பளபளக்கும் தகட்டில் நுனி போன தடம் மெல்லிய வரியாகப் படியும். நூறு சுற்று முடியும்போது தட்டையாக இருந்த தகடு கிண்ணமாகியிருக்கும். கீழே டை கிடையாது. வாய் விளிம்பைத் தாங்க ஒரு துளையிட்ட பலகை போதும். வடிவத்தை மாற்ற வேண்டுமானால் புரோகிராமை மாற்றினால் முடிந்தது.

யோசனை பழையது. பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குடமாக்கும் கன்னார் செய்வதும் இதே வேலைதான்: ஒவ்வொரு அடியும் ஒரு சிறு புள்ளியை மட்டும் நீட்டுகிறது. அமிர்தசரஸை அடுத்த ஜண்டியாலா குருவில் இப்படிப் பாத்திரம் அடிக்கும் டட்டேரா சமூகத்தின் கலையை 2014-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் எட்வர்ட் லெஸ்ஸாக், டை இல்லாமல் படிப்படியாகத் தகட்டை உருவாக்கும் கருவிக்கு 1967-ல் காப்புரிமை பெற்றார். ஆனால், நுனியைச் சிக்கலான பாதையில் துல்லியமாக நடத்த அன்று கணினி வசதி இல்லை. 1990-களில் ஜப்பானில் இசேகி, மட்சுபரா போன்றவர்கள் சி.என்.சி மெஷினில் இதைச் செய்து காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

டை இல்லையென்றால் அந்தச் செலவு எங்கே போயிற்று? கணக்குக்குள் போயிற்று. டையின் எஃகில் செதுக்கப்பட்டிருந்த அறிவு முழுவதும் இப்போது நுனியின் பாதையில் இருந்தாக வேண்டும். எந்தப் பாதையில் போனால் தகடு கிழியாது, எந்தப் பாதையில் போனால் கேட்ட அளவில் வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் இந்த முறையால் பயன். முப்பது ஆண்டு ஆராய்ச்சியில் பெரும் பகுதி இந்த ஒரு காரியத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முதல் கணக்கு எளிது. பள்ளியில் படித்த திரிகோணமிதி போதும். தட்டையான தகட்டை ஒரு சாய்ந்த சுவராக நீட்டும்போது பொருளின் கன அளவு மாறுவதில்லை. ஆகவே சுவர் செங்குத்தாக ஆக ஆக மெலிகிறது. தகட்டின் தடிமனைச் சுவர்க் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் மிஞ்சும் தடிமன் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் தகட்டை 45 டிகிரிக்குச் சாய்த்தால் 0.71 மில்லிமீட்டர் மிஞ்சும். 60 டிகிரியில் சரிபாதி. 70 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான். 90 டிகிரி, அதாவது நிமிர்ந்த சுவர் என்றால் பூஜ்யம். ஒரே வீச்சில் அது முடியவே முடியாது என்று சூத்திரமே சொல்லிவிடுகிறது. நடைமுறையில் மென்மையான அலுமினியமும் இழுப்புக்கான எஃகும் 60-லிருந்து 75 டிகிரிக்குள் எங்கோ கிழிகின்றன. நிமிர்ந்த சுவர் கட்டாயம் வேண்டுமென்றால், முதலில் சாய்வான கிண்ணமாக்கி, பிறகு அதையே இன்னும் செங்குத்தாக, பிறகு இன்னும் கொஞ்சம் என்று பல கட்டங்களில் ஏற வேண்டும். அந்த இடைக்கட்ட வடிவங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே தனி ஆராய்ச்சி.

இதில் வியக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிரஸ்ஸில் இதே தகடு இவ்வளவு நீளாது. 60 டிகிரி சுவரில் தகடு பாதியாக மெலிகிறது. சாதாரண பிரஸ் வேலையில் அதற்கு வெகு முன்பே ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கிக் கிழிந்துவிடும். இங்கே ஏன் கிழிவதில்லை? ஒரு நேரத்தில் உருமாறுவது நுனிக்கு அடியிலுள்ள சில மில்லிமீட்டர் இடம் மட்டுமே; சுற்றியுள்ள உலோகம் கெட்டியாக இருந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒடுங்கத் தொடங்கும் முன்னே நுனி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அதோடு, நுனியைச் சுற்றித் தகடு வளைந்து நிமிர்வதும், தடிமனுக்குக் குறுக்கே சறுக்கு உருமாற்றம் நடப்பதும் சேர்ந்துகொள்கின்றன. கேம்பிரிட்ஜின் ஜாக்சனும் ஆல்வுட்டும் செப்புத் தகட்டின் குறுக்குவெட்டை அளந்து அந்தச் சறுக்கைக் காட்டினார்கள். இவற்றில் எதற்குப் பங்கு அதிகம் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பிடிபடும். வாய் 120 மில்லிமீட்டர் விட்டம், ஆழம் 40 மில்லிமீட்டர், சுவர் 45 டிகிரி. அடியில் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் வந்து முடியும் ஒரு கூம்புக் கிண்ணம். நுனியின் விட்டம் 10 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மில்லிமீட்டர் இறங்கினால் 80 சுற்று. ஒரு சுற்று சராசரியாக 25 சென்டிமீட்டர்; ஆக மொத்தம் 20 மீட்டர் பாதை. நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். சுவரில் நுனி விட்டுச்செல்லும் வரிகளின் உயரம் ஏறத்தாழ 12 மைக்ரான். இறக்கத்தைக் கால் மில்லிமீட்டராகக் குறைத்தால் வரி 3 மைக்ரானாக இறங்கிச் சுவர் வழுவழுப்பாகும், ஆனால் நேரம் 40 நிமிடமாகும். நேரத்தைப் பாதியாக்கினால் சொரசொரப்பு நாலு மடங்கு. எது முக்கியம் என்று பாகத்தைக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

மெஷின் தாங்குமா என்பதற்கும் கணக்கு உண்டு. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஏரன்ஸும் டுஃப்லூவும் மற்றவர்களும் ஏராளமான சோதனைகளிலிருந்து வடித்தெடுத்த சூத்திரத்தில், 300 மெகாபாஸ்கல் இழுவலிமையுள்ள 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை நம் கிண்ணத்துக்குப் பொருத்தினால் சுமார் 1,200 நியூட்டன் வருகிறது. நூற்றிருபது கிலோ எடையைச் சிறு உருண்டை நுனியில் நிறுத்தி வைத்ததற்குச் சமம். டன் கணக்கில் அழுத்தும் பிரஸ்ஸோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் தகடு 2 மில்லிமீட்டரானால் விசை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. வெட்டுவதற்கென்று செய்த ஸ்பிண்டிலை இப்படி நெட்டுக்குத்தாக அழுத்தும்போது பேரிங்கின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். முதன்முதலில் முயல்பவர்கள் மெல்லிய அலுமினியத்தில் தொடங்குவதே நல்லது.

இவையெல்லாம் ஒரு காகிதத்தில் அடங்கும் கணக்குகள். கூம்புக்கு இவை போதும். மட்கார்டுக்குப் போதாது: அதில் ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சரிவு, நடுவில் தட்டை, மூலையில் மடிப்பு. எந்த இடம் எவ்வளவு மெலியும், எங்கே உப்பும், கிளாம்ப்பைக் கழற்றியதும் எப்படி நெளியும் என்று தெரிந்துகொள்ள உருவகப்படுத்தல், அதாவது சிமுலேஷன் வேண்டும். தகட்டைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மீதும் என்ன விசை, எவ்வளவு நீட்சி என்று கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறைதான் இதற்கும். அபாகஸ், எல்.எஸ்-டைனா போன்ற மென்பொருள்கள் பிரஸ் வேலைக்கு இதை நாள்தோறும் செய்கின்றன. அவை இங்கே வந்தால் திணறுகின்றன.

அதே கிண்ணத்தைப் பார்ப்போம். பிரஸ்ஸில் அதை ஓரிரு நொடியில் அடித்துவிடலாம். இங்கே 20 நிமிடம். வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ப்ளிசிட் என்ற கணக்கு வகையில் நேரத்தை நறுக்கு நறுக்காக வெட்ட வேண்டும். ஓர் அதிர்வலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைவிட நறுக்கு பெரிதாகிவிட்டால் கணக்கு சிதறிப்போகும். எஃகில் அந்த அலை நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். கட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு நறுக்கு ஒரு நொடியில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. 20 நிமிடத்துக்கு 600 கோடி நறுக்கு. ஒவ்வொன்றையும் கணினி நூறில் ஒரு நொடியில் முடித்தாலும் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓட வேண்டும். நுனி தொடும் இடமே சில மில்லிமீட்டர்தான் என்பதால், உண்மையில் கட்டத்தை அரை மில்லிமீட்டராகக் குறைத்தால்தான் விடை நம்பும்படி இருக்கும். அப்போது கட்டங்கள் நாலு மடங்கு, நறுக்குகள் இரண்டு மடங்கு. ஆக எட்டு மடங்கு வேலை.

இங்கேதான் உத்திகள் நுழைகின்றன. கணினிக்குள் நுனியை உண்மையைவிட 600 மடங்கு வேகமாக ஓட்டினால் 600 கோடி ஒரு கோடியாகிறது; ஒரு நாளும் சில மணி நேரமும் போதும். உலோகத்தின் அடர்த்தியை 100 மடங்கு கூட்டிச் சொன்னால் அலையின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நறுக்குகளைப் பத்து மடங்கு பெரிதாக்கலாம். வேலை மூன்று மணி நேரத்தில் முடியும். அளவு மீறினால் கணினித் தகடு நிஜத் தகடு செய்யாததையெல்லாம் செய்யும்: அதிரும், துள்ளும், எகிறும். அதனால் தகட்டின் இயக்க ஆற்றல், அதை உருமாற்றச் செலவான ஆற்றலில் ஐந்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் போகிறதா என்று கண்காணிப்பது வழக்கம். இதைச் சரிபார்க்காமல் வண்ணப் படம் மட்டும் காட்டும் சிமுலேஷனை யாரும் நம்ப வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஹதூஷும் வான் டென் போகார்டும் வேறு வழி பிடித்தார்கள். நுனிக்கு அருகேதான் உலோகம் நிரந்தரமாக உருமாறுகிறது. தொலைவிலுள்ள பகுதி லேசாக வளைந்து நிமிர்வதோடு சரி. ஆகவே கடினமான கணக்கை அருகிலுள்ள பகுதிக்கும், எளிய கணக்கை மற்ற இடத்துக்கும் ஒதுக்கி, நுனி நகர நகர அந்த எல்லையையும் நகர்த்தினார்கள்.

வேகத்தைச் சமாளித்தாலும் இன்னொரு இடறல் காத்திருக்கிறது. உலோகம் எவ்வளவு நீட்சிக்கு எவ்வளவு விறைக்கும் என்ற தரவு, தகட்டிலிருந்து வெட்டிய பட்டையை இழுத்துப் பார்க்கும் சோதனையிலிருந்து வருகிறது. அந்தப் பட்டை இருபது முப்பது சதவீதம் நீண்டதும் ஒடுங்கிவிடும். அதற்கு மேல் அது எதையும் சரியாகச் சொல்லாது. நம் சுவரோ இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு நீள்கிறது. ஆக சிமுலேஷனில் பாதிக்கு மேல் சோதனை எட்டாத பகுதியில், கோட்டை நீட்டி ஊகித்த எண்களோடு ஓடுகிறது. இந்தத் துறையின் கட்டுரைகளில் போதுமான அளவு பேசப்படாத பலவீனம் இது.

பட்டறைக்காரருக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: தகடு திரும்பி வருவது. நுனி நகர்ந்ததும் தகடு கொஞ்சம் மேலெழும்; அடிப்பகுதி தலையணைபோல உப்பும்; கிளாம்ப்பைக் கழற்றினால் முழுப் பாகமும் முறுக்கிக்கொள்ளும். தொழில்துறை கேட்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் துல்லியம். திருத்தம் எதுவும் செய்யாத பாகத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிழை சாதாரணம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஹிர்ட் குழு 2004-ல் காட்டிய வைத்தியம் நேரடியானது: ஒரு பாகம் செய், அளந்து பார், எங்கெல்லாம் மேலே நிற்கிறதோ அங்கெல்லாம் அந்த அளவு கீழே இறங்கும்படி பாதையைத் திருத்து, மீண்டும் செய். லூவெனில் ஆய்வு செய்த அமர் குமார் பெஹராவும் அவருடைய சகாக்களும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பாகத்தைத் தட்டை, சாய்வு, மடிப்பு, தன்போக்கு வளைவு என்று அங்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வகை அங்கமும் எப்படிப் பிழைபடும் என்பதைப் பழைய அளவீடுகளிலிருந்து புள்ளியியல் வழியாகக் கற்று, முதல் பாகத்துக்கே திருத்திய பாதையைக் கொடுத்தார்கள். கைதேர்ந்த பிட்டர் “இந்த மூலை எப்பவும் எழும்பும்” என்று அனுபவத்தில் சொல்வதைக் கணினி எண்ணாகச் சொல்கிறது.

இந்தியாவின் பங்கு இந்தப் பாதைக் கணக்கில்தான் பெரிது. கான்பூர் ஐ.ஐ.டி-யிலும் பின்னர் ஹைதராபாத் ஐ.ஐ.டி-யிலும் பணியாற்றிய பேராசிரியர் என். வெங்கட ரெட்டி, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜியான் சாவோ, ராஜீவ் மல்ஹோத்ரா ஆகியோருடன் சேர்ந்து 2010-ல் ஒரு முறையை வெளியிட்டார். கேட்ட சொரசொரப்புக்கும் துல்லியத்துக்கும் ஏற்ப, இடத்துக்கு இடம் இறக்கத்தை மாற்றிக்கொண்டு, சுருள் பாதையைத் தானே வரையும் முறை அது. செங்குத்தான இடத்தில் ஒரு மாதிரி, சரிவான இடத்தில் ஒரு மாதிரி. தேவையில்லாத இடத்தில் நேரம் வீணாகாது. சுருளாக இறங்குவதால், சுற்றுக்குச் சுற்று நுனி ஒரே இடத்தில் குத்தி விடும் தழும்பும் இல்லை. அடுத்து அவர்கள் கவனம் தகட்டுக்குக் கீழேயும் ஒரு நுனியை வைக்கும் இருபக்க முறைக்குப் போனது. கீழ்நுனி நகரும் டையாக நின்று தாங்குகிறது. ஆனால் மேலே சொன்ன கொசைன் விதிப்படி தகடு மெலிய மெலிய, கீழ்நுனி தகட்டைவிட்டு விலகிவிடும். எவ்வளவு மெலியும் என்பதை முன்பே கணித்து அந்த அளவு நெருங்கி வர வேண்டும். ஹைதராபாத் குழு போயிங் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வேலை, பாகத்திலுள்ள அங்கங்களைத் தானே அடையாளம் கண்டு, எதை முதலில் செய்தால் துல்லியம் கூடும் என்று வரிசை போட்டது. திருச்சி என்.ஐ.டி-யிலும் இந்த முறையில் தொடர்ந்து ஆய்வு நடந்துவருகிறது.

பெரிய நிறுவனங்களும் இறங்கிவிட்டன. 2013-ல் ஃபோர்டு, போயிங், நார்த்வெஸ்டர்ன், எம்.ஐ.டி முதலியோர் அடங்கிய குழுவுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 2019-ல் நிசான், இரண்டு ரோபோக்கள் தகட்டின் இரு பக்கமும் நின்று பாகம் வனைவதைக் காட்டி, உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு உதிரி பாகம் செய்வதுதான் நோக்கம் என்று அறிவித்தது. நுனிக்கு வைரப் பூச்சு பூசியதால் எண்ணெயே தேவைப்படவில்லை என்றது. மருத்துவத்தில், மண்டையோட்டின் ஓட்டையை மூடும் டைட்டானியம் தகட்டை நோயாளியின் ஸ்கேன் படத்திலிருந்தே வனைய லூவென் குழு வழி கண்டது. கனடாவின் ஜாக் ஜெஸ்வீட் சூரிய அடுப்பின் குழியைச் செய்து பார்த்தார். பத்தோ இருபதோ மட்டும் வேண்டும், ஒவ்வொன்றும் வேறு வேறு என்ற இடங்கள்தான் இவை எல்லாம்.

இதே காலத்தில் வெளியான கட்டுரைகளில் ஏராளமானவை, ஒரு கூம்பை எடுத்து, இறக்கம், வேகம், நுனி விட்டம் மூன்றையும் டகுச்சி என்ற சோதனைத் திட்ட அட்டவணையில் போட்டு, ‘உகந்த அளவு’ ஒன்றைக் கண்டறிந்து முடிந்துவிடுகின்றன. பட்டறையில் யாரும் கூம்பு கேட்டு வருவதில்லை. அந்த உகந்த அளவு வேறு வடிவத்துக்கு மாறியதும் உகந்ததாக இருப்பதில்லை. பாதையின் வடிவத்தை, கட்டங்களின் வரிசையைச் சீர்ப்படுத்தும் ஆராய்ச்சிதான் கோவைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நேரடியாகப் பயன்படும். நாற்பது கிலோமீட்டருக்குள் கல்லூரிகளும் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் வட்டாரத்தில், மாணவர் புராஜெக்ட்டுகளாகவே அதைத் தொடங்கலாம்.

பட்டறை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குலாம் உசேனும் காவோவும் 2007-ல் ஒரு சோதனையை முன்வைத்தார்கள். கூம்பின் சுவர் ஒரே சாய்வில் இல்லாமல், ஆழம் கூடக்கூடச் செங்குத்தாகிக்கொண்டே போகும்படி வில்லாக வரைய வேண்டும். ஒரே ஒரு தகட்டை வைத்து ஓட்டினால் ஓர் ஆழத்தில் கிழியும். அந்த ஆழத்தின் கோணம்தான் அந்தத் தகட்டின் எல்லை. ஒரு மணி நேர மெஷின் ஓட்டமும் ஒரு துண்டுத் தகடும்தான் செலவு. எல்லைக்கு ஐந்து டிகிரி உள்ளே நிற்கும் பாகங்களைத் தயங்காமல் எடுக்கலாம். தாண்டுபவற்றைப் பல கட்டமாகப் பிரிக்கலாம், அல்லது அடியில் மரக்கட்டையில் கடைந்த ஒரு தாங்கு வைக்கலாம். தகட்டின் ரகம் மாறினாலும், தடிமன் மாறினாலும், நுனியின் விட்டம் மாறினாலும் எல்லை மாறும்; அப்போதெல்லாம் இன்னொரு துண்டை ஏற்றிச் சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டும்.